கீரைப் பாத்தியும் கீரைச் சட்டியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழில் மாடித்தோட்டம் பற்றி எழுதும்போது, புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் தக்காளியில் கை வைக்காமல் கீரையில் ஆரம்பியுங்கள், 25 நாளில் சட்டியில் ஏறிவிடும் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த முறை இத்தனை கடிதங்கள். பாதிப் பேர் விதை முளைக்கவே இல்லை என்கிறார்கள், மீதிப் பேர் முளைத்தது, ஆனால் என்று இழுக்கிறார்கள். அதனால் இந்த முறை பகுதி முழுக்கக் கீரைதான், அதிலும் ஒரே குடும்பம்: முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை. வெந்தயக்கீரையும் பாலக்கும் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, மூன்று தடவை சிறுகீரை விதைத்துவிட்டேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. கடைக்காரர் பழைய விதையைக் கொடுத்துவிட்டாரா?
– வாசகி, பல்லடம்

விதை மேல் பழி போடுவதற்கு முன்னால் எறும்பைப் பாருங்கள். விதைத்த மறுநாள் விடிகாலையில் பையின் விளிம்போரம் குனிந்து பார்த்தீர்கள் என்றால் தெரியும், கடுகில் பாதிகூட இல்லாத அந்தக் கறுப்பு மணியை ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வரிசையாக இறங்கிப் போய்க்கொண்டிருக்கும். நாம் பத்து மணிக்குத் தண்ணீர் ஊற்ற வரும்போது வேலை முடிந்திருக்கும். இதற்கு நான் செய்வது இதுதான்: விதைத்த கையோடு, பையிலிருந்து ஓரடி தள்ளி ஒரு பிடி அரிசி நொய்யைத் தூவிவிடுவேன். எறும்பு அதைச் சுமப்பதிலேயே இருக்கும். நமக்கு மூன்று நாள் கிடைத்தால் போதும், முளை கிளம்பிவிட்டால் எறும்பு திரும்பிப் பார்க்காது. பையைச் சுற்றி வேப்பம் புண்ணாக்குத் தூள் போட்டாலும் சரி.

எறும்பு இல்லை என்றால் ஆழம். ஒரு கிராம் கீரை விதையில் ஆயிரத்துக்கும் மேல் மணி இருக்கும், அவ்வளவு பொடி. அந்த மணிக்குள் இருக்கிற சத்து ஒரு சின்ன முளையை மேலே தள்ளத்தான் காணும், அரை அங்குல மண்ணுக்குக் கீழே புதைத்தால் பாதி வழியிலேயே மூச்சு நின்றுவிடும். ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு காய்ந்த மணல் கலந்து, உப்புத் தூவுகிற மாதிரி விரல் இடுக்கில் தூவுங்கள். அதன்மேல் சலித்த மண்ணையோ மக்கின உரத்தையோ விதை மறைகிற அளவுக்கு மட்டும் தூவினால் போதும்.

அப்புறம் தண்ணீர். ஹோஸை நேராகப் பிடித்தால் விதை எல்லாம் ஒரு மூலையில் போய் ஒதுங்கும். பூவாளி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் மூடியில் ஊசியைச் சுட்டு நாலைந்து ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். வெயில் கடுமையாக இருக்கிற மாதத்தில் ஈரச் சாக்கை மேலே போட்டு வைக்கலாம், ஆனால் காலையும் மாலையும் தூக்கிப் பார்க்க வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் முளை தெரியும், தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் விட்டால்கூட முளை வெளுத்து நீண்டு, தலை தூக்க முடியாமல் படுத்துவிடும்.

இவ்வளவும் செய்து வரவில்லை என்றால், ஈரத் துணியில் 20 விதையை மடித்து வையுங்கள். ஐந்து நாளில் பத்து விதையாவது முளை விடவில்லை என்றால் அந்தப் பொட்டலத்தோடு கடைக்காரரிடம் போய்ப் பேசுங்கள்.

முளைக்கீரை விதைத்தேன். பாய் விரித்த மாதிரி முளைத்தது, சந்தோஷமாக இருந்தது. பத்தாம் நாள் நூல் மாதிரி நீண்டு, அங்கங்கே சாய்ந்து அழுகுகிறது. பிடுங்க மனசு வரவில்லை. என்ன செய்ய?
– கல்லூரி மாணவர், மேட்டுப்பாளையம்

தம்பி, அந்த மனசு வராமல் போவதுதான் சிக்கலே. நெருக்கமாக நிற்கிற கீரை வெளிச்சத்துக்காக ஒன்றை ஒன்று முந்தி நீளும், தண்டு பருக்காது, இடையில் காற்று புகாது, அடியில் ஈரம் காயாது. அந்த ஈரத்தில்தான் பூஞ்சை பிடித்துத் தண்டின் அடி கம்பி போல் சுருங்கிச் சாய்கிறது. நாற்றழுகல் என்பார்கள். சாய்ந்ததையும் அதைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு நிற்பதையும் இன்றைக்கே எடுத்துவிட்டு, இரண்டு நாள் தண்ணீரைக் குறையுங்கள். மாலையில் ஊற்றும் பழக்கம் இருந்தால் காலைக்கு மாற்றுங்கள். அழுகிய இடத்து மண்ணை அடுத்த விதைப்புக்கு அப்படியே பயன்படுத்தாமல் வெயிலில் நன்றாகக் காய வைத்து, வேப்பம் புண்ணாக்கு கலந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

மிச்சமிருப்பதைக் கலைத்துவிடுங்கள். எங்கள் பாட்டி வீடு குளித்தலைப் பக்கம், கிணற்றடியில் இரண்டு பாத்தி எப்போதும் கீரை நிற்கும். விதைத்த பன்னிரண்டு, பதின்மூன்றாம் நாள் மாலையில் பாட்டி பலகையைப் போட்டு உட்கார்ந்து, இடது கையால் மண்ணை அழுத்திக்கொண்டு, வலது கையின் இரண்டு விரலால் குட்டிக் கீரையை அடியோடு இழுப்பார். மண் அழுந்தியிருப்பதால் பக்கத்துச் செடி அசையாது. பிடுங்கினது மடியில் சேரும். இரண்டு விரல் இடைவெளி விழுகிற வரைக்கும் இப்படியே நகர்ந்து நகர்ந்து ஒரு பாத்தியை முடிப்பார். அந்த மடிக் கீரைதான் அன்றைக்கு ராத்திரி பாசிப்பருப்போடு வெந்து, ஒரு மிளகாய் வற்றலும் சீரகமும் தாளித்துத் தட்டுக்கு வரும். வேரை மட்டும் கிள்ளினால் போதும், தண்டும் இலையுமாக வெண்ணெய் மாதிரி இருக்கும். அந்த வயதுக் கீரை எந்தச் சந்தையிலும் கிடைக்காது, கட்டுக் கட்டினால் அரை மணியில் வதங்கிவிடும். பாத்தி வைத்திருக்கிறவருக்கு மட்டுமே கிடைக்கிற சாப்பாடு அது. பிடுங்குவதை அழிப்பதாக நினைக்காதீர்கள், அதுதான் உங்கள் முதல் அறுவடை.

25 நாளில் ஒன்று விட்டு ஒன்று பிடுங்குங்கள், அது மசியலுக்கு. மிச்சம் நிற்பதற்கு இப்போது நாலு விரல் இடம் கிடைத்திருக்கும், தண்டுக்கீரை ரகமாக இருந்தால் 40, 45 நாளில் தண்டு பருத்து வரும், அது சாம்பாருக்கும் குழம்புக்கும். ஒரே விதைப்பில் மூன்று சமையல். கீரையின் வயதைப் பார்த்துத்தான் சட்டி வைக்க வேண்டும் என்று பாட்டி சொல்வார்.

இன்னொன்று, எல்லா விதையையும் ஒரே நாளில் தூவாதீர்கள். இரண்டடிக்கு ஓரடி பை நாலு வைத்துக்கொண்டு வாரம் ஒரு பை விதைத்தால், முதல் மாதம் முடிகிறபோதிலிருந்து வாரத்துக்கு ஒரு பை பிடுங்க வரும். ஆழம் எட்டு அங்குலம் இருந்தால் தாராளம். கீரைக்கு ஆடிப் பட்டம், தைப் பட்டம் பார்க்க வேண்டியதில்லை, ஐப்பசி அடைமழையில் மட்டும் விதை அடித்துக்கொண்டு போகாமல் மேலே வலை கட்டுங்கள். வெயில் ஐந்து மணி நேரமாவது பட வேண்டும், பால்கனி நிழலில் வைத்துவிட்டு வளரவில்லை என்று எழுதுகிறவர்கள் நிறைய.

சிறுகீரை, அரைக்கீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை எல்லாம் ஒன்றுதானா? கடையில் ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள்.
– வாசகி, வேளச்சேரி

நெருங்கிய சொந்தம், ஆனால் ஒன்றல்ல. இதில் முளைக்கீரை என்பது பெரும்பாலும் வயதின் பெயர். தண்டுக்கீரை ரகத்தையே இளசாக வேரோடு பிடுங்கினால் முளைக்கீரை, விட்டு வைத்து முதிர்ந்தால் தண்டுக்கீரை. சிறுகீரை இலை சிறியது, தண்டு மெலிசு, சீக்கிரம் பூத்துவிடும், அதனால் மொத்தமாகப் பிடுங்கிவிட வேண்டும். அரைக்கீரை வெட்ட வெட்டத் துளிர்க்கும். வேரோடு பிடுங்காமல், அடியில் இரண்டு கணு விட்டு மேலே வெட்டினால் பக்கத்துக் கணுக்களிலிருந்து கிளை விடும். இடமில்லாதவர்கள் ஒரே ஒரு பையில் அரைக்கீரை வைத்துக்கொண்டால் மாதக் கணக்கில் வரும், நான் புதியவர்களுக்கு முதலில் கையில் கொடுப்பது இந்த விதையைத்தான்.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ ரகங்களில் கோ 3 கிள்ளுக்கீரை ரகம்: விதைத்த 20 நாளில் முதல் கிள்ளு, பிறகு வாரம் ஒரு முறை, பத்து முறை வரை கிள்ளலாம். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா சுகுணாவும் பலமுறை வெட்டுகிற வகை, அர்கா அருணிமா அடர் ஊதா இலை. விதை வாங்கும்போது பெயரைக் கேட்பதைவிட, பிடுங்குகிற ரகமா வெட்டுகிற ரகமா என்று கேளுங்கள், குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

தொட்டியில் தானாக முளைத்து நிற்கிற குப்பைக்கீரையும் இதே குடும்பம்தான், இளசாக இருக்கும்போது கூட்டு வைத்தால் அருமையாக இருக்கும். சாலையோரத்திலும் சாக்கடையோரத்திலும் முளைத்ததை மட்டும் பறிக்காதீர்கள், மண்ணில் இருக்கிற கெட்டதையும் சேர்த்துத்தான் அது உறிஞ்சியிருக்கும்.

இலைக்கு அடியில் சுண்ணாம்புப் பொட்டு வைத்த மாதிரி வெள்ளைக் கொப்புளம். சில இலைகள் சல்லடையாக ஓட்டை. மருந்து அடிக்காமல் வழி உண்டா?
– வாசகர், நாகர்கோவில்

இரண்டும் வேறு வேறு. வெள்ளைக் கொப்புளம் வெண்துரு நோய். இலையின் மேல்பக்கம் மஞ்சள் புள்ளி தெரியும், திருப்பினால் அதே இடத்தில் வெள்ளைக் கொப்புளம், விரலால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டும். இலை ராத்திரி முழுக்க நனைந்திருந்தால் வருகிற நோய் இது. உங்கள் ஊரில் இரண்டு பருவ மழையும் உண்டு, அதனால் தப்புவது கொஞ்சம் சிரமம்தான், ஆனால் தண்ணீரை இலை மேல் ஊற்றாமல் அடியில் ஊற்றுவதும் செடிக்குச் செடி இடம் விடுவதும் பெரிய வித்தியாசம் காட்டும். பட்ட இலையைப் பறித்து உரக்குழியில் போடாமல் அப்புறப்படுத்துங்கள், இல்லாவிட்டால் அடுத்த போகத்துக்கும் விதைத்த மாதிரி ஆகிவிடும். அதே மண்ணில் உடனே கீரையே போடாமல் ஒரு போகம் வெண்டையோ கொத்தவரையோ போடுங்கள். அர்கா சுகுணா இந்த நோயை ஓரளவு தாங்கும், அதை முயன்று பாருங்கள்.

ஓட்டைக்குக் காரணம் பெரும்பாலும் பச்சைப் புழு. இலையை மடித்து நூலால் ஒட்டி உள்ளே உட்கார்ந்து சுரண்டும். பத்துப் பை உள்ள தோட்டத்தில் மருந்தைவிடக் கண்ணும் கையும் வேகம்: காலையில் காபி குடித்துக்கொண்டே ஒட்டின இலையைத் தேடிக் கிள்ளி எறிந்தால் ஒரு வாரத்தில் அடங்கும். மிஞ்சிப் போனால் வேப்பங்கொட்டைக் கரைசல். லிட்டருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ராத்திரி முழுக்க ஊற வைத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்துச் சாயங்காலம் தெளிக்க வேண்டும். கீரையை வெட்டி எடுத்த அன்றைக்குத் தெளியுங்கள். அடுத்த வெட்டுக்கு ஒரு வாரம் இருக்கும், கசப்பு தங்காது. நாளைக்குப் பறிக்கப் போகிற கீரையில் இன்றைக்குத் தெளித்தால் சட்டி முழுக்கக் கசக்கும்.

இலை வெளிறி இருந்தால் அது நோய் இல்லை, பசி. வெட்டுகிற ஒவ்வொரு முறையும் மண்ணிலிருந்து சத்தை எடுத்துக்கொண்டு போகிறோம், திருப்பிக் கொடுக்க வேண்டும். லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யாவோ, இரண்டு நாள் ஊறிய கடலைப் புண்ணாக்குத் தண்ணீரைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்தோ வெட்டின மறுநாள் ஊற்றுங்கள். யூரியாவைக் கை நிறையப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கீரை மளமளவென்று வளரும், ஆனால் யூரியா மண்ணில் நைட்ரேட் என்கிற உப்பாக மாறி, மிஞ்சியது அப்படியே இலையில் சேரும். வீட்டுக்குச் சாப்பிட வளர்க்கிறோம், அந்த அவசரம் நமக்கு வேண்டாம்.

கீரை மசியல் ஓட்டலில் பச்சையாக இருக்கிறது, என் சமையலில் பாசி நிறமாகிவிடுகிறது. அத்தை ஆப்பச் சோடா போடச் சொல்கிறார். போடலாமா?
– புதுமணப் பெண், மதுரை

போடாதீர்கள். சோடா பச்சையைக் காக்கும், உண்மைதான், ஆனால் சி வைட்டமினையும் பி வைட்டமின்களில் சிலதையும் கெடுத்துவிடும், இலையும் கொழகொழவென்று ஆகிவிடும். அத்தையிடம் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள், அவருக்கும் பிடிக்கிற வழி ஒன்று இருக்கிறது.

நிறம் மாறக் காரணம் கீரைக்குள்ளேயே இருக்கிற புளிப்பு. சூடானதும் அது ஆவியோடு வெளியே வரும். மூடி போட்டால் போக வழியில்லாமல் திரும்பச் சட்டியிலேயே விழுந்து பச்சையைத் தின்றுவிடும். அதனால் மூடக் கூடாது, குக்கரும் வேண்டாம். அலசிய கீரையில் ஒட்டியிருக்கிற தண்ணீரோடு கால் டம்ளர் சேர்த்தால் போதும். தண்ணீர் முதலில் தளதளவென்று கொதிக்கட்டும், பிறகு கீரையைப் போடுங்கள், பச்சைத் தண்ணீரில் போட்டு மெல்லச் சூடாக்கினால் நிறம் போகும். இளங்கீரை ஐந்து நிமிடம், கொஞ்சம் முற்றியது ஏழெட்டு நிமிடம். ஒரு கட்டுக்கு நாலு சின்ன வெங்காயம், மூன்று பல் பூண்டு, இரண்டு பச்சை மிளகாய், அரை ஸ்பூன் சீரகம் கூடவே வேகட்டும். உப்பைக் கடைசியில் போடுங்கள், ஏனென்றால் மலை மாதிரி இருக்கிற கீரை கைப்பிடியாகச் சுண்டிவிடும், முதலிலேயே கண் அளவில் போட்டால் கரித்துவிடும். புளி சேர்க்கிற வழக்கம் இருந்தால் அதுவும் கடைந்த பிறகுதான்.

கடைவதற்கு மிக்ஸி வேண்டாம். மிக்ஸியில் ஒரு சுற்று கூடினால் களி. உள்பக்கம் வரி போட்ட கீரைச் சட்டி மண்ணில் இன்னும் கிடைக்கிறது. சட்டியைத் துணிச் சும்மாட்டில் உட்கார வைத்து, மத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டிக் கடையுங்கள். முதலில் தண்டு மத்தில் தட்டுகிற சத்தம் கேட்கும், பிறகு சத்தம் அடங்கி மத்து கனக்கும், அப்போது நிறுத்திவிட வேண்டும். அங்கங்கே இலைத் துணுக்கு தெரிய வேண்டும், பூண்டு மட்டும் முழுதாகக் கரைந்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் தாளிப்பு வடகத்தை நல்லெண்ணெயில் பொரித்துக் கொட்டுவோம், அந்த வாசனைக்குச் சோறு இரண்டு கரண்டி கூடவே இறங்கும். எண்ணெய் வாசனைக்கு மட்டுமில்லை, கீரையில் இருக்கிற ஏ வைட்டமின் சத்து உடம்பில் சேரக் கொஞ்சம் எண்ணெய் அவசியம்.

ஆய்வதற்கு முன்னாலேயே முழுக் கீரையை மூன்று தண்ணீரில் அலசுங்கள். வெட்டிய பிறகு அலசினால் சத்தும் போகும், மண்ணும் வெட்டுவாயில் ஏறிக்கொள்ளும். அலசின தண்ணீரைக் கொட்டாமல் தொட்டிக்கே ஊற்றலாம்.

சிவப்புக் கீரை அவித்தால் தண்ணீர் இரத்தச் சிவப்பாகிறது. சாயம் ஏதும் அடித்திருப்பார்களோ? எங்கட வீட்டில் கீரைக் கடையலுக்குத் தேங்காய்ப்பாலும் தேசிக்காய்ப் புளியும் விடுவம், அது சரியான முறைதானா?
– வாசகி, யாழ்ப்பாணம்

சாயம் இல்லை, கீரையின் சொந்த நிறம். பீட்ரூட்டில் இருக்கிற அதே வகை நிறமி, தண்ணீரில் கரையும். சோற்றில் பிசைந்தால் குழந்தைகள் தானாகத் தட்டை நீட்டுவார்கள். அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டாமல் அளவாக ஊற்றிக் கீரையிலேயே சுண்ட விடுங்கள்.

உங்கள் வீட்டு முறை ரொம்பச் சரி. கீரையில் இருக்கிற இரும்புச் சத்து உடம்பில் சுலபமாகச் சேராது, கூடவே சி வைட்டமின் இருந்தால் நன்றாகச் சேரும். தேங்காய்ப்பாலின் கொழுப்பு ஏ வைட்டமினுக்கு உதவும். அடுப்பை விட்டு இறக்கி, சற்று ஆறிய பிறகு தேசிக்காய் (நம் எலுமிச்சை) பிழிகிறீர்கள் அல்லவா, அதை மாற்றாதீர்கள், கொதிக்கிற கடையலில் பிழிந்தால் வைட்டமினும் போகும், பாலும் திரியும். இங்கே படிக்கிறவர்களும் ஒரு தடவை அரைக்கீரையில் இப்படிச் செய்து பாருங்கள்.

கீரையை ஆய்ந்த பிறகு தண்டைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. பொரியலில் போட்டால் நார் நாராக வருகிறது.
– வாசகர், சேலம்

தூக்கிப் போடவே போடாதீர்கள். எனக்குத் தண்டுக்கீரையில் இலையைவிடத் தண்டுதான் பிடிக்கும். தண்டை இரண்டு கையிலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். டக்கென்று ஒடிந்தால் இளசு, அப்படியே நறுக்கலாம். ஒடிந்தும் ஒரு பக்கம் நாரில் தொங்கினால் அந்த நாரைப் பிடித்துக் கீழ்நோக்கி உரியுங்கள், முருங்கைக்காய் நார் உரிக்கிற மாதிரி வந்துவிடும். ஒடியாமல் வளைந்தே நின்றால் அது முற்றல், உரக்குழிக்குத்தான்.

குழம்புக்கு இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கி, மஞ்சள்தூள், உப்புப் போட்டு முதலில் வெறும் தண்ணீரில் வேக வையுங்கள். புளித் தண்ணீரில் நேராகப் போட்டால் எவ்வளவு நேரம் கொதித்தாலும் விறைப்பாகவே இருக்கும், உங்களுக்கு நார் நாராகத் தெரிவதில் பாதி இதுவாகவும் இருக்கலாம். தண்டு நகம் இறங்குகிற பதம் வந்ததும் எலுமிச்சை அளவு புளிக் கரைசல், குழம்புப் பொடி, ஊற வைத்து வேக வைத்த தட்டைப்பயறு ஒரு கை. புளி வாசனை போனதும் தேங்காயும் சீரகமும் நாலு சின்ன வெங்காயமும் அரைத்து ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளிக்க வேண்டும். தண்டை வாயில் வைத்து இழுத்தால் உள்ளே இருக்கிற சதை குழம்போடு சேர்ந்து இறங்கும், சக்கை கையில் நிற்கும். அசைவம் சாப்பிடுகிற வீட்டில் பயறுக்குப் பதில் கருவாடோ இறாலோ போடுவார்கள், அது தனி ருசி. மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும் என்று சிலர் இலையும் போட்டு வைப்பார்கள், வேண்டாம், இந்தக் குழம்பில் தண்டு மட்டும் போதும்.

அப்பாவுக்குச் சிறுநீரகக் கல் இருக்கிறது, அம்மா இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். தினமும் கீரை கொடுக்கலாமா? ராத்திரி சாப்பிடக் கூடாது, சுட வைக்கக் கூடாது என்கிறார்களே?
– பெயர் வேண்டாம், கும்பகோணம்

இதில் மருத்துவர் சொல்வதுதான் முடிவு, நான் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். இந்தக் கீரைக் குடும்பத்தில் ஆக்சலேட் என்கிற உப்பு அதிகம். அப்பாவின் கல் கால்சியம் ஆக்சலேட் வகையா என்று கேளுங்கள். ஆம் என்றால் தினமும் கீரை வேண்டாம். எப்போதாவது சாப்பிட மருத்துவர் அனுமதித்தால், நிறையத் தண்ணீரில் வேக வைத்து அந்தத் தண்ணீரை வடித்துவிடுங்கள், ஆக்சலேட்டில் ஒரு பகுதி அதோடு போய்விடும், மற்றவர்களுக்கு வடிக்காதீர்கள் என்று சொன்னது இவருக்குப் பொருந்தாது. கூடவே தயிர் சாப்பிட்டால் அதில் உள்ள கால்சியம் வயிற்றிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்ளும்.

அம்மா சாப்பிடுவது ரத்தம் உறையாமல் இருக்கத் தருகிற வார்ஃபரின் வகை மாத்திரையா என்று பாருங்கள். கீரையில் கே வைட்டமின் நிறைய, அது அந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். அதற்காகக் கீரையையே நிறுத்த வேண்டியதில்லை, ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் துளிகூட இல்லை என்று ஏற்ற இறக்கம் இருக்கக் கூடாது. தோட்டத்தில் கீரை குவிகிற வாரத்தில் இதை மறந்துவிடாதீர்கள். மாற்றம் எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

ராத்திரி விஷயத்தில் பாட்டி சொன்ன காரணம் வேறு: விளக்கு வெளிச்சத்தில் ஆய்ந்தால் புழு தெரியாது என்பார். அதனால்தான் ராத்திரிக்கு வேண்டிய கீரையையும் பொழுதோடு ஆய்ந்துவிடுவார். நார்ச்சத்து உள்ள சாப்பாடு செரிக்க நேரம் பிடிக்கும், அதனால் ஏழு மணிக்குச் சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுக்கிறவர்களுக்குச் சிக்கல் இல்லை. சுட வைப்பதில் மட்டும் கவனம் வேண்டும். சமைத்த கீரை வெளியே கிடந்தால் அதில் இருக்கிற நைட்ரேட்டைக் கிருமிகள் நைட்ரைட்டாக மாற்றும், பெரியவர்களைவிடக் கைக்குழந்தைக்கு இது ஆபத்து. அன்றன்றைக்கு வேண்டிய அளவு பறித்து அன்றன்றைக்கே முடித்துவிடுங்கள், மிஞ்சினால் ஆறின உடனே ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் ஒரே ஒரு முறை சுட வைக்கலாம். காலையில் வைத்த மசியலை ராத்திரி வரை அடுப்பு மேடையில் வைத்துக் குழந்தைக்கு ஊட்ட வேண்டாம்.

ஒரு சாண்கூட வளரவில்லை, அதற்குள் பூக்கதிர் வந்துவிட்டது. இனி சாப்பிடலாமா?
– வாசகர், ஓசூர்

சாப்பிடலாம், இலை மட்டும் கொஞ்சம் முரடாகியிருக்கும், பருப்பு உசிலியோ கீரை வடையோ செய்துவிடுங்கள். தண்ணீர் விட்டு விட்டு ஊற்றினாலும், பை சின்னதாகி வேர் முட்டினாலும் செடி பயந்து சீக்கிரம் பூக்கும். பகல் குறுகுகிற மார்கழிப் பக்கமும் இப்படி ஆகும். அரைக்கீரையாக இருந்தால் கதிரைக் கிள்ளிவிட்டு உரம் கொடுங்கள், துளிர்க்கும்.

அம்மா, விதை எடுப்பது எப்படி? ஒவ்வொரு முறையும் கடையில் வாங்க வேண்டியிருக்கிறது.
– வாசகி, புதுக்கோட்டை

நல்ல கேள்வி, இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். பாத்தியில் இருப்பதிலேயே திடமான, கடைசியாகப் பூக்கிற நாலைந்து செடியை அடையாளத்துக்குத் துணி கட்டி விட்டுவிடுங்கள். முதலில் பூத்ததில் விதை எடுத்தால் அதன் பிள்ளைகளும் அவசரமாகப் பூக்கும். கீரைப் பூவுக்கு வண்டு வர வேண்டியதில்லை, காற்றிலேயே மகரந்தம் பறக்கும். அதனால் பச்சையும் சிவப்பும் ஒரே சமயத்தில் பூக்க விட்டால் அடுத்த முறை கலப்பாக வரும். ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னுமாக விதைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். கதிர் பழுப்பாகி, உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் கறுப்பு மணி பளபளவென்று உதிர வேண்டும், அதுதான் பதம். மழை வருகிற மாதிரி இருந்தால் காத்திருக்காமல் கதிரை வெட்டி, பழைய வேட்டி மேல் நிழலில் நாலு நாள் உலர்த்துங்கள். பிறகு கசக்கி முறத்தில் போட்டு மெதுவாகப் புடையுங்கள், மின்விசிறியைப் போட்டுவிட்டுப் புடைத்தால் விதையும் சேர்ந்து பறந்துவிடும். ஒரு செடியிலேயே ஆயிரக்கணக்கில் விதை கிடைக்கும், அடுத்த வருஷம் முழுக்க உங்களுக்குப் போக, தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுக்கலாம். வேப்பிலை போட்ட கண்ணாடிப் புட்டியில் போட்டு, ரகத்தின் பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, அடுப்படிச் சூடு படாத அலமாரியில் வையுங்கள்.